க்ரெலின் வயல் கைக்கு வந்தாச்சா? வால் போகாம கரைச்சு, பிரிச்சு, செல்லுல போடுற வரைக்கும்

க்ரெலின் வயல், அதாவது பவுடர் இருக்குற சின்னக் குப்பி, பார்சல்ல வந்த உடனே செய்ய வேண்டியது என்னன்னு கேட்டா, ஒண்ணும் செய்யாம இருக்கறதுதான். மாசக்கணக்கா காத்திருந்து, பர்ச்சேஸ் ஆர்டர்ல கையெழுத்து வாங்கி, கஸ்டம்ஸ்ல கிடந்து ஒரு வழியா வந்து சேர்ந்த டப்பா, உள்ளே ஐஸ் எல்லாம் உருகிப்போயி இருக்கும், பதட்டத்துல உடனே திறந்து பாக்கணும்னு கை பரபரக்கும், எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு. ஐஸ் உருகிடுச்சேன்னு அழாதீங்க. பவுடரா காய வெச்சு வர்ற பெப்டைடுக்கு (அமினோ ஆசிடுங்க கோர்த்த சின்னச் சங்கிலி) ரெண்டு மூணு நாள் வெளி வெப்பம் பெரிய விஷயம் இல்ல. ஈரம்தான் பிரச்சன. அப்படியே ஃப்ரீசர்ல வெச்சுட்டு இதை ஒரு தடவை முழுசா படிச்சுட்டு அப்புறம் எடுங்க.

போன வாரம் ஒரு ஜூனியர் பொண்ணு மெசேஜ் போட்டிருந்தா, "அக்கா, க்ரெலின் எவ்ளோ போட்டாலும் செல்லு அசையவே மாட்டேங்குது, ரிசெப்டர் போச்சா, டை போச்சா, ஒண்ணும் புரியல"ன்னு. ரெண்டும் போகல, ஹார்மோன் வந்து உக்கார்ற ரிசெப்டரும் நல்லா இருக்கு, கால்சியம் ஏறுறதைக் காட்டுற டையும் நல்லா இருக்கு. போனது வால். அது என்ன வால்னு சொன்னாதான் மத்ததெல்லாம் ஏன் இப்படி செய்யச் சொல்றேன்னு புரியும், அதனால கொஞ்சம் கதை.

க்ரெலின் நம்ம இரைப்பையில, முக்கியமா மேல்பகுதியில இருக்குற செல்லுங்க சுரக்குற ஹார்மோன், பசி ஹார்மோன்னு சொல்லுவாங்க. 28 அமினோ ஆசிட், அவ்ளோதான், சின்ன பெப்டைடு. இதோட ரிசெப்டரை 1996லயே கண்டுபிடிச்சுட்டாங்க, ஆனா அதுல வந்து உக்கார்ற ஹார்மோன் எதுன்னு தெரியல, பூட்டு இருக்கு சாவி இல்லங்கற நிலைமை. 1999ல ஜப்பான்ல, ஒசாகா பக்கம் இருக்குற தேசிய இதய ரத்தநாள ஆராய்ச்சி மையத்துல கோஜிமா மசயாசுவும் கங்காவா கெஞ்ஜியும் அந்த ரிசெப்டர் இருக்குற செல்லு மேல வேற வேற உறுப்புல இருந்து எடுத்த சாறை ஊத்தி எதுக்கு செல்லுக்குள்ள கால்சியம் ஏறுதுன்னு பாத்துட்டே வந்தாங்க, எல்லாரும் மூளையிலதான் இருக்கும்னு நினைச்சிட்டு இருந்தப்ப எலி இரைப்பைச் சாறுக்கு ஜம்முனு ஏறிச்சு. வரிசையைப் படிச்சு அதே 28 அமினோ ஆசிடை செயற்கையா செஞ்சு செல்லு மேல போட்டா ஒண்ணுமே நடக்கல. இரைப்பையில இருந்து சுத்தப்படுத்துனதோட எடையும் கணக்குப்படி வர வேண்டிய எடையும் ஒத்துப்போகல, 126 டால்டன் கூட இருந்துச்சு. அந்த 126தான் வால். மூணாவது இடத்துல இருக்குற செரின்ங்கற அமினோ ஆசிட்ல எட்டு கார்பன் உள்ள ஆக்டனாயில்ங்கற ஒரு சின்ன கொழுப்புத் துண்டு எஸ்டரா ஒட்டிட்டு இருக்கு. அது இருந்தாதான் ரிசெப்டர் திரும்பிப் பாக்கும், இல்லேன்னா கண்டுக்காது. அதை ஒட்ட வைக்கிற என்சைம் எதுன்னு 2008ல கண்டுபிடிச்சு அதுக்கு கோட்னு பேர் வெச்சாங்க, அது வேற கதை.

எஸ்டர்ங்கற வார்த்தையை மட்டும் மனசுல வெச்சுக்கோங்க. எஸ்டர் காரத்துல உடையும், சீரத்துல இருக்குற எஸ்டரேஸ் என்சைமாலயும் உடையும். உடைஞ்சா கலர் மாறாது, கலங்காது, வாசனை வராது, ட்யூப்ல பாத்தா அதே தண்ணி மாதிரிதான் இருக்கும், ஆனா உள்ளே இருக்குறது வாலில்லாத க்ரெலின், அதாவது வேற சரக்கு. கீழே நான் சொல்ற ஒவ்வொரு நச்சரிப்பும் பெரும்பாலும் இந்த ஒரு வாலைக் காப்பாத்தத்தான்.

சரி, வேலைக்கு வருவோம். வயலைத் திறக்கறதுக்கு முன்னாடி (இந்த வயல்னு சொன்னதும் எங்கம்மாவுக்கு நெல்லு வயல்தான் ஞாபகம் வரும், ஒரு தடவை போன்ல "வயல்ல இருந்தது பூரா கொட்டிப்போச்சும்மா"ன்னு அழுததுக்கு அவங்க ஊர்ல யாருக்கோ அறுப்பு நேரத்துல மழைன்னு நினைச்சுட்டாங்க) கூட வந்த பேப்பரைப் படிங்க. அந்த அனாலிசிஸ் சர்ட்டிஃபிகேட்டை எல்லாரும் ஃபைல்ல போட்டு மூடிடுறாங்க, ஆனா பாதி தப்பு அங்கயே பிடிபட்டுடும். முதல்ல மனுஷ க்ரெலினா எலி க்ரெலினான்னு பாருங்க. ரெண்டுக்கும் வித்தியாசம் ரெண்டே ரெண்டு இடம்தான், 11வதும் 12வதும், மனுஷனுக்கு ஆர்ஜினின் வேலின், எலிக்கு லைசின் அலனின், சுண்டெலிக்கும் எலியோட அதே வரிசைதான். எடை மனுஷ க்ரெலினுக்கு 3370.9, எலிக்கு 3314.8. ரிசெப்டர் ரெண்டையும் ஏத்துக்கும், அதனால மாத்திப் போட்டாலும் செல்லு காட்டிக்கொடுக்காது, பேப்பர் எழுதும்போதுதான் மாட்டுவீங்க.

அடுத்து மூணாவது இடத்து செரின்ல ஆக்டனாயில்னு போட்டிருக்கான்னு பாருங்க. டெஸ்-அசைல் க்ரெலின்னு ஒண்ணு விக்கறாங்க, அது வாலில்லாதது, எடை 3244.7. விலை கொஞ்சம் கம்மியா இருக்கேன்னு தெரியாம அதை ஆர்டர் பண்ணவங்களை எனக்குத் தெரியும். அது வேஸ்ட் இல்ல, ஒப்பிட்டுப் பாக்க நல்ல கன்ட்ரோல், கொஞ்சமா வாங்கி வெச்சுக்கறது நல்லதுதான், ஆனா அதை மெயின் சரக்குன்னு நினைச்சு வாங்குனா வம்பு.

இப்ப கணக்கு. ஆத்துல போட்டாலும் அளந்து போடணும்னு சொல்லுவாங்க, இதுல அளவே ஏமாத்தும். லேபிள்ல 1 மில்லிகிராம்னு இருக்கும், அது 1 மில்லிகிராம் பவுடர், 1 மில்லிகிராம் பெப்டைடு இல்ல. பெப்டைடை சுத்தம் பண்றப்ப ட்ரைஃப்ளூரோஅசிட்டிக் ஆசிட் போடுவாங்க, சுருக்கமா டிஎஃப்ஏ, அது பாசிட்டிவ் சார்ஜ் இருக்குற இடத்துல எல்லாம் ஒண்ணொண்ணா உப்பா போய் ஒட்டிக்கும். க்ரெலின்ல மூணு ஆர்ஜினின், நாலு லைசின், ஒரு ஹிஸ்டிடின், அப்புறம் முன் நுனின்னு மொத்தம் ஒம்பது இடம். டிஎஃப்ஏ ஒண்ணு 114, ஒம்பதுக்கு 1026. 3371 எடை இருக்குற பெப்டைடு மேல ஆயிரத்துக்கு மேல உப்பு, அதுபோக கொஞ்சம் தண்ணியும் இருக்கும். அதனாலதான் நெட் பெப்டைடு கன்டென்ட்னு ஒரு நம்பர் சர்ட்டிஃபிகேட்ல போடுவாங்க, இந்த மாதிரி பெப்டைடுக்கு 75 சதவீதம் சுத்தி வந்தா ஆச்சரியப்படாதீங்க. ப்யூரிட்டி 97 சதவீதம்னு போட்டிருக்கே, அப்புறம் எப்படி 75ன்னு குழப்பிக்க வேண்டாம், ப்யூரிட்டிங்கறது இருக்குற பெப்டைடுல எவ்வளவு சரியான பெப்டைடுங்கறது, உப்பும் தண்ணியும் அந்தக் கணக்குலயே வராது. ரெண்டும் வேற வேற.

ஆக 1 மில்லிகிராம் பவுடர்ல 75 சதவீதம்னா 750 மைக்ரோகிராம் பெப்டைடு, அதை 3370.9ஆல வகுத்தா 222.5 நானோமோல். 1 மில்லிமோலார் ஸ்டாக் (அப்பப்ப எடுத்து நீர்க்க வெச்சுக்கற அடர்த்தியான கரைசல்) வேணும்னா 222 மைக்ரோலிட்டர் ஊத்தணும். இதைப் பாக்காம லேபிள் எடையை வெச்சு கணக்கு போட்டா 297 மைக்ரோலிட்டர் ஊத்துவீங்க, ஸ்டாக் 0.75தான் இருக்கும், பாட்டில்ல 1ன்னு எழுதியிருப்பீங்க. அடுத்த லாட், அதாவது அடுத்த தடவை தயாரிச்ச சரக்கு, வேற சதவீதத்துல வரும், அப்ப போன மாச ரிசல்ட்டும் இந்த மாச ரிசல்ட்டும் ஏன் இடிக்குதுன்னு மண்டையைப் பிச்சுக்குவீங்க. பெப்டைடு கணக்குக்கு உப்போட சேர்ந்த எடையைப் போடக்கூடாது, நெட் எடையை எடுத்தா வெறும் பெப்டைடோட எடை 3370.9ஆலதான் வகுக்கணும், ரெண்டு தடவை உப்பைக் கழிச்சுடாதீங்க, அந்தத் தப்பும் நடக்கும்.

நானோட்ராப்ல (ஒளி உறிஞ்சுறதை வெச்சு அளவு சொல்ற மெஷின்) 280 நானோமீட்டர்ல வெச்சு சரிபாத்துக்கலாமேன்னு கேப்பீங்க. முடியாது. 280ல உறிஞ்சுறது ட்ரிப்டோஃபேனும் டைரோசினும், க்ரெலின்ல ரெண்டுமே கிடையாது, நாலாவது இடத்துல ஒரே ஒரு ஃபினைல்அலனின், அது 280ல ஒண்ணும் காட்டாது. பூஜ்யம்னு காட்டுதேன்னு பயந்து இன்னொரு வயலை உடைச்சவங்க உண்டு. ரொம்ப துல்லியமா வேணும்னா அமினோ ஆசிட் அனாலிசிஸுக்கு அனுப்புங்க, இல்லேன்னா சர்ட்டிஃபிகேட் நம்பரை நம்புங்க. புரதம் அளக்குற பிராட்ஃபோர்ட் கிட் எல்லாம் இவ்வளவு சின்ன பெப்டைடுக்கு சரியா வராது.

திறக்குற நாள். ஃப்ரீசர்ல இருந்து எடுத்து, மூடி திறக்காம, சிலிக்கா ஜெல் போட்ட டெசிகேட்டர்ல (ஈரம் அண்டாத மூடுன ஜாடி) முக்கால் மணி நேரமாவது வைங்க, அறை வெப்பத்துக்கு வரட்டும். ஜில்லுனு இருக்கும்போதே திறந்தா நம்ம ஊர் காத்துல இருக்குற ஈரம் அப்படியே உள்ளே போய் பவுடர் மேல பனியா படியும், ஐஸ் வாட்டர் டம்ளர் வெளியே எப்படி வேர்க்குமோ அதே கதை உள்ளே நடக்கும். இந்தப் பவுடர் ஈரத்தை நல்லாவே இழுக்கும்.

அப்புறம் சின்ன சென்ட்ரிஃப்யூஜ்ல ஒரு அரை நிமிஷம் சுத்துங்க. 1 மில்லிகிராம்ங்கறது கண்ணுக்குத் தெரியவே தெரியாது சில நேரம், சுவத்துல ஒரு மெல்லிசு படலம், இல்ல மூடியில ஒட்டிட்டு இருக்குற பஞ்சு மாதிரி ஒரு துணுக்கு. சுத்தாம மூடியைத் திறந்தா அந்தப் பஞ்சு நிலை மின்சாரத்துல கையுறைக்கு ஒட்டிட்டு போயிடும். நான் ஃபேன் ஓடிட்டு இருந்த ரூம்ல திறந்து ஒரு வயல் பூராவும் காத்துல விட்டேன், அம்மாகிட்ட அழுதேன்னு சொன்னேனே அது அன்னைக்குத்தான். ஃபேனை ஆஃப் பண்ணுங்க. பவுடரை எடை போட்டு பாதி எடுக்கறேன்னு ஸ்பேச்சுலா வெச்சு கிண்டாதீங்க, முழு வயலையும் ஒரே தடவையில அதுலயே கரைக்கறதுதான் சரி.

எதுல கரைக்கறது? தண்ணியிலயே நல்லா கரையும், சார்ஜ் அவ்ளோ இருக்கே. ஆனா நான் 0.1 சதவீத அசிட்டிக் ஆசிட்ல கரைப்பேன், சுத்தமான ஸ்டெரைல் தண்ணியில கலந்தது. காரணம் அந்த வால்தான், லேசான அமிலத்துல எஸ்டர் நிம்மதியா இருக்கும். டிஎம்எஸ்ஓங்கற கரைப்பான் தேவையே இல்ல, பழக்கதோஷத்துல ஊத்தாதீங்க. பிஹெச் 8க்கு மேல போற எதுவுமே வேண்டாம், ட்ரிஸ் வேண்டாம், பைகார்பனேட் வேண்டாம், கரையலன்னா கொஞ்சம் சோடியம் ஹைட்ராக்சைடு விட்டுப் பாக்கலாம்னு வேற ஏதோ பெப்டைடுக்கு எழுதியிருக்குற டிப்ஸை இதுக்குக் கொண்டு வரவே வேண்டாம்.

இதை ஏன் இவ்ளோ அழுத்திச் சொல்றேன்னா, நான் முன்னாடி இருந்த ஒரு லேப்ல நடந்த கூத்து அப்படி. எலைசா (ஆன்டிபாடி வெச்சு அளக்குற டெஸ்ட்) பிளேட் கோட் பண்றதுக்குன்னு ஒருத்தர் க்ரெலினை கார்பனேட் பஃபர்ல கரைச்சிருக்காரு, பிஹெச் 9.6, கோட் பண்ணினது போக மீதி இருந்ததை வீணாக்க மனசு வராம "க்ரெலின், 100 மைக்ரோமோலார்"னு மட்டும் எழுதி ஃபிரிட்ஜ்ல வெச்சுட்டாரு. எதுல கரைச்சதுன்னு எழுதல. ரெண்டு மூணு வாரம் கழிச்சு நான் அதை எடுத்து கால்சியம் அசேல, அதாவது கால்சியம் ஏறுறதை அளக்குற டெஸ்ட்ல, போட்டேன், கோடு நேர்கோடா போகுது. செல்லை மாத்தினேன், டையை மாத்தினேன், மெஷின்காரரைக் கூப்பிட்டேன், மூணு வாரம் போச்சு. கடைசியில மாஸ் ஸ்பெக் (மூலக்கூறோட எடையைக் காட்டுற மெஷின்) பண்ற அண்ணன்கிட்ட கெஞ்சி ஒரு ஷாட் போடச் சொன்னேன். அந்த மெஷின் எடையை சார்ஜால வகுத்துதான் காட்டும், நாலு சார்ஜ் பீக் 843.7ல வரணும். 812.2ல உசரமா ஒண்ணு நிக்குது, 843.7ல கால் கடுகு அளவு மிச்சம். வித்தியாசம் 31.5, நாலால பெருக்கினா 126. அவரு ஸ்க்ரீனைத் திருப்பிக் காட்டி "என்னம்மா, வாலை நறுக்கிட்டீங்களா"ன்னாரு. 1999ல அவங்களுக்குக் கூட இருந்த அதே 126 எனக்குக் கொறைஞ்சு நின்னுச்சு. உங்களுக்கும் சந்தேகம் வந்தா மூணு வாரம் காத்திருக்காதீங்க, மாஸ் ஸ்பெக்குக்கு முதல் நாளே அனுப்புங்க, அது இல்லேன்னா கொழுப்புப் பிடிப்பை வெச்சுப் பிரிக்கிற சி18 காலம்ல போட்டாலும் வாலில்லாதது முன்னாடியே வெளிய வந்துடும், பீக் முன்னாடி நகர்ந்திருக்கும்.

கரைக்கும்போது ஐஸ் மேல வெச்சு, கணக்கு போட்ட அளவை சுவரோரமா மெதுவா விட்டு, மூடியை மூடி லேசா சாய்ச்சு சாய்ச்சு உருட்டுங்க, மூடியோட உள்பக்கமும் நனையணும். வோர்டெக்ஸ்ல போட்டு நுரை பொங்க வைக்காதீங்க. அஞ்சு பத்து நிமிஷம் விடுங்க, ஒரு தடவை சுத்தி கீழே இறக்குங்க, தெளிவா இருக்கணும்.

ட்யூப் விஷயத்துல கஞ்சத்தனம் வேண்டாம். இந்தப் பெப்டைடுக்கு நடுநிலை பிஹெச்ல அஞ்சு பாசிட்டிவ் சார்ஜ் மிச்சமா இருக்கு, போதாததுக்கு கொழுப்பு வால் வேற. கண்ணாடி மேற்பரப்பு நெகட்டிவ், அதனால கண்ணாடியில போய் ஒட்டிக்கும். பாலிஸ்டைரீன்லயும் ஒட்டும். 1 மில்லிமோலார் ஸ்டாக்ல கொஞ்சம் ஒட்டினா தெரியாது, ஆனா 1 நானோமோலாருக்கு நீர்க்க வைக்கும்போது இருக்கறதே கொஞ்சம், அதுல பெரும்பகுதி சுவத்துக்குப் போயிட்டா செல்லுக்கு என்ன மிஞ்சும்? கைக்கு எட்டினது வாய்க்கு எட்டல. அதனால பாலிப்ரோப்பிலின் லோ-பைண்ட் ட்யூப், நீர்க்க வைக்கிற பஃபர்ல 0.1 சதவீதம் பிஎஸ்ஏ (மாட்டு சீரத்துல இருந்து எடுத்த ஆல்புமின் புரதம்), கொழுப்பு அமிலம் நீக்கினதா பாத்து வாங்குங்க, அது சுவத்துல முந்திப்போய் இடம் பிடிச்சுக்கும். பிஎஸ்ஏ நீர்க்க வைக்கிற பஃபர்ல மட்டும்தான், ஸ்டாக்ல போட வேண்டாம்.

உடனே பிரிச்சு வைங்க. 222 மைக்ரோலிட்டர் இருக்கா, பத்து பத்தா ஒரு இருபது ட்யூப், மிச்சத்தை மாஸ் ஸ்பெக்குக்கு ஒதுக்கிடுங்க. ஒரு ட்யூப் ஒரு எக்ஸ்பெரிமென்ட், மிச்சம் இருந்தா தூக்கிப் போடுங்க, திரும்ப உறைய வைக்காதீங்க. இதைச் சொன்னா எல்லாரும் தலையாட்டுவாங்க, ஆனா பத்து மைக்ரோலிட்டர்ல ரெண்டு எடுத்துட்டு எட்டைக் குப்பையில போட நம்ம ஆளுங்களுக்கு மனசு வராது, எனக்கும் வராது, அதனாலதான் இப்பல்லாம் நான் அஞ்சு அஞ்சா பிரிக்கறேன். மைனஸ் 80ல வைங்க. மைனஸ் 20ன்னா அந்த வீட்டு ஃபிரிட்ஜ் மாதிரி தானா ஐஸ் உருக்கிக்கற டைப் வேண்டாம், அது பனிக்கட்டி சேராம இருக்கறதுக்கு அப்பப்ப தன்னையே சூடாக்கிக்கும், உங்க ட்யூபும் கூடவே இளகி இளகி உறையும். ஃப்ரீசர் கதவுப்பக்கம் வைக்காதீங்க, கரண்ட் போனா முதல்ல உருகுறது அங்கதான்.

லேபிள்ல என்ன எழுதணும்னா, மனுஷ அசைல் க்ரெலின், லாட் நம்பர், 1 மில்லிமோலார், நெட் கணக்குப்படி, 0.1 அசிட்டிக், தேதி, உங்க பேரு. இவ்வளவும் சின்ன ட்யூப்ல இடம் பத்தாதுன்னா ஒரு கோடு போட்டு நம்பர் எழுதி, விவரத்தை நோட்டுலயும் டப்பா மூடியிலயும் எழுதுங்க. எத்தனால் பட்டா அழியற மார்க்கர்ல எழுதி, மறுநாள் எத்தனால் அடிச்சுத் துடைச்சு, பேரில்லாத இருபது ட்யூபோட நிக்கறது ஒரு தனி சோகம்.

இப்ப செல்லு. பொதுவா ஹெச்இகே 293ங்கற மனுஷ சிறுநீரக செல்லுல க்ரெலின் ரிசெப்டரை நிலையா ஏத்தி வெச்சிருப்பீங்க. இந்த ரிசெப்டர் செல்லுக்குள்ள இருக்குற ஜிக்யூங்கற புரதம் வழியா வேலை செய்யும், அதனால செல்லுக்குள்ள கால்சியம் ஏறும், ஃப்ளூ-4 டை போட்டு அதைப் பாக்கலாம். செல்லை வளர்க்கறது எஃப்பிஎஸ், அதாவது கன்னுக்குட்டிக் கருவோட சீரம் உள்ள மீடியத்துல, ஆனா க்ரெலினை அந்த மீடியத்துலயே விட்டா சீரத்துல இருக்குற என்சைம்ங்க வாலை வெட்ட ஆரம்பிச்சுடும். அதனால மீடியத்தை எடுத்துட்டு, ஹேங்க்ஸ் பஃபர்ல 20 மில்லிமோலார் ஹெப்பிஸ் சேர்த்து பிஹெச் 7.4க்கு வெச்சதுல ரெண்டு தடவை கழுவி, அதே பஃபர்ல டை ஏத்தி, அதுலயே அசே பண்ணுங்க. ராத்திரி முழுக்க க்ரெலின்ல ஊற வைக்கிற மாதிரி எக்ஸ்பெரிமென்ட்னா சீரம் இல்லாத மீடியம், அதுலயும் நடுவுல புதுசா மாத்தணும், ஏன்னா 37 டிகிரியில செல்லுங்களே கொஞ்சம் கொஞ்சமா அதைத் தின்னும்.

நீர்க்க வைக்கறது அசேக்கு முன்னாடி, ஐஸ் மேல, அன்னைக்கே. பிளேட்ல கடைசியா உச்ச அளவு 1 மைக்ரோமோலார் வேணும், கிணத்துல 150 மைக்ரோலிட்டர் பஃபர் இருக்கு, நீங்க 50 விடப்போறீங்கன்னா நாலு மடங்கு, அதாவது 4 மைக்ரோமோலார் செய்யணும். ஸ்டாக்ல 2 மைக்ரோலிட்டர் எடுத்து 498 பஃபர்ல விட்டா சரியா வரும். அங்கிருந்து 100 எடுத்து 216ல விடுங்க, அதுல இருந்து 100 எடுத்து அடுத்த 216ல, இப்படியே ஏழு தடவை, ஒவ்வொரு தடவையும் 3.16 மடங்கு இறங்கும், எட்டு புள்ளி, கடைசிப் புள்ளி 0.3 நானோமோலார் பக்கம். ஒவ்வொரு படிக்கும் டிப் மாத்தணும். ஒரே டிப்ல இறங்கிட்டே வந்தா மேல் படியில டிப் சுவத்துல ஒட்டினது கீழ் படியில கழண்டு வந்து, கர்வ் (அளவுக்கு ஏத்த மாதிரி கால்சியம் எவ்வளவு ஏறுதுன்னு வரையற கோடு) இடது பக்கம் நகர்ந்து, ஆஹா நம்ம பெப்டைடு எவ்ளோ வீரியம்னு ஏமாத்தும். புது டிப்பை ரெண்டு தடவை அதே கரைசல்ல ஏத்தி இறக்கி நனைச்சுட்டு எடுங்க. நல்ல க்ரெலின்னா பாதி உச்சத்தைத் தொடுற அளவு சில நானோமோலார்ல விழும். நூறு நானோமோலாருக்கு மேல விழுந்தா ஏதோ தப்பு, வாலோ சுவரோ.

மெஷின்ல கொஞ்ச நேரம் அடிக்கோடு, அதாவது ஒண்ணும் விடாதப்ப இருக்குற அளவு, எடுத்துட்டு பெப்டைடை விடுங்க, சில நொடியிலயே ஏறி உச்சத்துக்குப் போயி இறங்க ஆரம்பிச்சுடும், அதனால கையால விட்டுட்டு பிளேட்டைத் தூக்கிட்டு ஓடுற சமாச்சாரம் இதுக்கு ஆகாது, மெஷினே விடணும்.

கன்ட்ரோல்ல எனக்கு ரொம்பப் பிடிச்சது ஏடிபி. ஹெச்இகே செல்லுல ஏடிபிக்கான ரிசெப்டர் பிறவியிலயே இருக்கு, அதனால கொஞ்சம் ஏடிபி விட்டா கால்சியம் ஏறணும். ஏடிபிக்கு ஏறுது, க்ரெலினுக்கு ஏறலன்னா செல்லும் டையும் மெஷினும் நல்லா இருக்கு, தப்பு பெப்டைடுலயோ ரிசெப்டர்லயோ. ஏடிபிக்கே ஏறலன்னா பெப்டைடைத் திட்டாதீங்க. மெசேஜ் போட்ட பொண்ணுகிட்ட நான் முதல்ல கேட்டது இதைத்தான், ஏடிபி போட்டியான்னு. போட்டிருந்தாளாம், ஏறியிருந்துச்சாம். அப்புறம் க்ரெலினை எதுல நீர்க்க வெச்சன்னு கேட்டேன், பத்து சதவீத எஃப்பிஎஸ் மீடியத்துல முந்தின நாளே நீர்க்க வெச்சு இன்குபேட்டர்ல வெச்சிருந்தாளாம், காலையில வேலை சுலபமாகட்டும்னு.

இதோட வெறும் அசிட்டிக் ஆசிட் அதே அளவு நீர்க்க வெச்சது ஒண்ணு, ரிசெப்டர் இல்லாத வெறும் ஹெச்இகே ஒண்ணு, டெஸ்-அசைல் க்ரெலின் ஒண்ணு வைங்க. இந்த ரிசெப்டருக்கு இன்னொரு குணம் இருக்கு, ஹார்மோன் வராமலே தானா வேலை செஞ்சுட்டு இருக்கும், உச்சத்துல ஏறக்குறைய பாதி அளவுக்கு. கால்சியம்ல அது கண்ணுல படாது, ஆனா ரிசெப்டர் வேலை செஞ்சா செல்லுக்குள்ள உண்டாகுற இனோசிடால் பாஸ்பேட் சேர்றதை அளக்குற அசேன்னா அடிக்கோடே உசரத்துல இருக்கும், கன்டாமினேஷன்னு நினைச்சு பயப்படாதீங்க, வெறும் ஹெச்இகேயோட ஒப்பிட்டா புரியும்.

சிலர் பெப்டைடு போடறதுக்கு இல்ல, ரத்தத்துல எவ்வளவு இருக்குன்னு அளக்க வாங்குவாங்க, ஸ்டாண்டர்டுக்காக. அவங்களுக்கு சுருக்கமா: ரத்தம் எடுத்த நிமிஷத்துல இருந்தே வால் போக ஆரம்பிக்கும். ரத்தம் உறையாம இருக்க இடிடிஏ போட்ட ட்யூபை முன்னாடியே ஐஸ்ல வெச்சு, ஏஇபிஎஸ்எஃப் மாதிரி என்சைமைத் தடுக்குற ஒரு இன்ஹிபிட்டரை முன்னாடியே போட்டு, எடுத்த கையோட 4 டிகிரியில சுத்தி, பிளாஸ்மா 1 மில்லிக்கு 100 மைக்ரோலிட்டர் 1 நார்மல் ஹைட்ரோகுளோரிக் ஆசிட் சேர்த்து உடனே மைனஸ் 80. சாப்பிடறதுக்கு முன்னாடி ஏறி சாப்பிட்டதும் இறங்கற ஹார்மோன், அதனால எப்ப சாப்பிட்டாங்கன்னு எழுதாத சாம்பிள் சும்மா. கிட் வாங்கும்போது வாலோட இருக்கறதை மட்டும் பிடிக்குமா மொத்தத்தையும் பிடிக்குமான்னு பாருங்க, ரத்தத்துல வாலில்லாததுதான் அதிகம், ரெண்டு நம்பரையும் ஒண்ணா வெச்சுப் பேசினா சண்டைதான் வரும்.

ஒரு விஷயம் கேக்காமலே சொல்லிடறேன், ஏன்னா ஜிம் பசங்க ரெண்டு பேர் என்கிட்ட கேட்டுட்டாங்க, பசி எடுக்க இதைப் போட்டுக்கலாமான்னு. கூடாது. வயல்ல ஆராய்ச்சிக்கு மட்டும்னு எழுதியிருக்கறது சும்மா இல்ல, இது ஸ்டெரைல் கிடையாது, எண்டோடாக்சின் (பாக்டீரியா நச்சு) இருக்கான்னு பாத்தது கிடையாது, மனுஷங்களுக்குக் கொடுத்துப் பாத்த ஆய்வுங்க ஆஸ்பத்திரியில, எத்திக்ஸ் கமிட்டி அனுமதியோட, அதுக்குன்னே தயாரிச்ச சரக்கை வெச்சு நடந்தது. லேப்லயும் பவுடரைத் திறக்கும்போது கையுறையும் மாஸ்க்கும் போடுங்க.

அப்புறம் ட்யூப் குறைஞ்சுட்டே வரும்போது கடைசி ரெண்டு வரைக்கும் காத்திருந்து புது லாட் ஆர்டர் போடாதீங்க. ஒரு அஞ்சாறு இருக்கும்போதே வாங்கி, பழைய லாட்டையும் புது லாட்டையும் ஒரே நாள்ல ஒரே பிளேட்ல பக்கத்துப் பக்கத்துல ஓட்டுங்க. கர்வ் ஒண்ணு மேல ஒண்ணு உக்காந்தா நோட்டுல ஒட்டி வெச்சுட்டு மாறிக்கலாம். உக்காரலன்னா முதல்ல நெட் பெப்டைடு சதவீதத்தை மறுபடி பாருங்க, என் அனுபவத்துல பாதி நேரம் பழைய நம்பரை வெச்சே கணக்கு போட்டிருப்போம்.